‘வெண்ணிற இரவுகள்’ பழைய பதிப்பு யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம். ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கியின் குறுநாவல் ‘வெண்ணிற இரவுகள்’, ரா. கிருஷ்ணையா மொழிபெயர்ப்பு, மாஸ்கோவில் அச்சான பழைய பதிப்பு. என்னிடம் இருப்பது தாத்தாவின் பிரதி. ‘நான்காம் இரவு’ அத்தியாயம் பாதியில் நிற்கிறது. கடைசிப் பகுதியான ‘காலை’ முழுக்கக் கரையானுக்குப் போய்விட்டது. பிரிக்பீல்ட்ஸ், மஸ்ஜித் இந்தியா கடைகளில் கேட்டாயிற்று. பினாங்கில் சித்தப்பாவும் விசாரித்தார், கிடைக்கவில்லை. ஆங்கிலத்தில் படித்துவிட்டேன், முடிவு தெரியும். ஆனால் தமிழில் பக்கத்து வீட்டுப் பெண் மாதிரி மூச்சுவிடாமல் பேசிய கதாநாயகி நாஸ்தென்கா அங்கே அளந்து அளந்து பேசுகிறாள். (பீட்டர்ஸ்பர்க்காரிக்குத் தமிழ்தான் பொருந்துகிறது என்றால் சிரிப்பீர்கள்!) அடுத்த மாத வாசிப்புக் கூட்டத்தில் இதைப் பற்றித்தான் பேச வேண்டும். கோலாலம்பூர் வட்டாரத்தில் இதே பதிப்பை வைத்திருப்பவர்கள், ஒரு நாள் இரவல் தர முடியுமா? நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.