என் மனு ஸ்டாஃப் ரூமுக்கு எப்படி வந்துச்சு? வக்கீல் ஆபீஸ்ல என்ன கேக்கணும்?

கணக்கு டீச்சர்:

மதுரையிலிருந்து ஒரு மணி நேர தூரத்துல ஒரு டவுன். தனியார் மெட்ரிக் ஸ்கூல்ல எட்டாவது, ஒன்பதாவதுக்குக் கணக்கு எடுக்கிறேன். மூணு மாசம் முன்னாடி விவாகரத்துக்கும் இடைக்கால ஜீவனாம்சத்துக்கும் மனு போட்டேன். ஸ்கூல்ல ஒரு ஆளுக்கும் சொல்லல. தாலி, மெட்டி எல்லாம் போட்டுக்கிட்டுதான் போறேன்.

போன வாரம் நோட்டு திருத்திட்டு இருந்தப்போ பக்கத்து நாற்காலி டீச்சர் மெதுவா, "வாடகைக்கே 6,500 போயிடுதுன்னா என்ன செய்வீங்க, நீங்க கேட்டது நியாயம்தான்"னாங்க. சிவப்பு பேனா அப்படியே நின்னுபோச்சு. உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேட்டா போனைக் காட்டினாங்க. என் மனுவோட ஒரு பக்கம். கம்ப்யூட்டர் திரையை மொபைல்ல படம் பிடிச்சது, கோணலா. 11-வது பாரா. எனக்குக் கரு கலைஞ்சதும் அதுக்கப்புறம் ஆஸ்பத்திரியில இருந்ததும் அந்தப் பாராவுலதான் இருக்கு. "யாரோ அனுப்பினாங்க"ங்கிறதுக்கு மேல வாயைத் திறக்கல.

வக்கீல் நல்ல மனுஷன். அப்பா காலத்துப் பழக்கம், ஃபீஸைத் தவணையா வாங்கிக்கிறார். கேட்டதுக்கு, "நம்ம ஆபீஸ்ல இருந்து போயிருக்காதும்மா. எதிர்த்தரப்புக்கு ஒரு செட் குடுத்திருக்கோம்ல, அங்க விசாரிங்க"ன்னுட்டார். இருக்கலாம். ஆனா நான் அங்க குடுத்து வச்சிருக்கிறதை நினைச்சா தூக்கம் வரல. ஆதார், பான், ஆறு மாச பேங்க் ஸ்டேட்மெண்ட், சம்பளச் சீட்டு, ஆஸ்பத்திரி பேப்பர், 43 வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட், நகைக்கடன் சீட்டு.

இதுக்குச் சட்டம் எதுவும் இருக்கா? வக்கீலை மாத்தணுமா? மாத்தினா என் பேப்பரையெல்லாம் திருப்பித் தருவாங்களா? வேற ஆள் கிட்டப் போனா மொதல்ல என்ன கேக்கணும்?

---

சட்டுன்னு சொல்றேன்:

கன்ஸ்யூமர் கோர்ட்டுல போட்டுத் தாக்குங்க மேடம். சேவைக் குறைபாடு. அப்படியே வக்கீல்களைக் கண்காணிக்கிற பார் கவுன்சிலுக்கும் ஒரு புகார். நாலு பேருக்குப் பாடமா இருக்கட்டும்.

---

கறுப்பு கோட்டு, எட்டு வருஷம்:

கன்ஸ்யூமர் கோர்ட் கதவு சாத்தியாச்சு. 2024 மே 14 அன்னைக்கு சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு, வக்கீல் தொழில் நுகர்வோர் சட்டத்துக்குள்ள வராதுன்னு. பார் கவுன்சில் புகார் உண்டு, 1961 வழக்கறிஞர் சட்டம் 35-வது பிரிவு. ஆனா யார் கையில இருந்து போச்சுன்னே தெரியாம புகார் எழுதினா அது வெறும் காகிதம்.

அக்கா கேட்ட சட்டம் இதுதான். கட்சிக்காரர் நம்பிச் சொன்னதை அவர் சம்மதம் இல்லாம வக்கீல் வெளிய சொல்லக்கூடாது. முன்னாடி சாட்சியச் சட்டம் 126, 127-வது பிரிவுகள். 2024 ஜூலை 1-லிருந்து அதுக்குப் பதிலா வந்த பாரதிய சாக்‌ஷ்ய அதினியம் 132. வக்கீலோட குமாஸ்தாவும் ஆபீஸ் ஊழியரும் இதே கட்டுக்குள்ளதான். பார் கவுன்சில் விதியிலயும் தனியா எழுதி வச்சிருக்கு. கட்சிக்காரர் சொன்னதைக் கேக்க விசாரணை அமைப்புகள் வக்கீலை இஷ்டத்துக்குக் கூப்பிடக்கூடாதுன்னு 2025 அக்டோபர் 31-ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பே வந்தாச்சு. போலீஸே சும்மா கேட்டுட முடியாத விஷயம் யாரோ ஒருத்தர் போன்ல கிடக்குது பாருங்க.

உங்க கல்யாணம் இந்துத் திருமணச் சட்டத்துல வந்தா 22-வது பிரிவும் இருக்கு. விசாரணையே மூடிய அறையிலதான், நடவடிக்கைகளை அச்சடிச்சோ பரப்பியோ விடக்கூடாது. மீறினா அபராதம் ஆயிரம் ரூபாய் வரைக்கும். சிரிக்காதீங்க, சட்டம் 1955.

புதுசா வந்த டேட்டா பாதுகாப்புச் சட்டத்தை யாராச்சும் இங்க இழுக்கிறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். சட்டம் 2023, விதிகள் 2025 நவம்பர்ல வந்துச்சு, முக்கியமான கடமைகள் அதுல இருந்து 18 மாசம் கழிச்சுத்தான் அமலுக்கு வருது. சட்ட உரிமையை நிலைநாட்டத் தகவலைக் கையாள்றதுக்கு அதுல நிறைய விலக்கு. ஆனா பத்திரமா வச்சுக்கணும்ங்கிற கடமைக்கு விலக்கு இல்ல. சீனியர்கள் பாதிப் பேர் இதைப் படிக்கல. எங்க ஆபீஸையும் சேர்த்துத்தான் சொல்றேன்.

பேப்பர் திரும்பக் கிடைக்குமா? கிடைக்கும். ஃபீஸ் பாக்கின்னு கேஸ் கட்டைப் பிடிச்சு வைக்க வக்கீலுக்கு உரிமை இல்ல, 2000-லயே சுப்ரீம் கோர்ட் சொன்னது. பாக்கியைத் தனியா கேட்டு வாங்கிக்கலாம், கட்டைத் தரணும்.

---

ஓய்வு குமாஸ்தா:

தாயி, 34 வருஷம் குமாஸ்தா வேலை பாத்தவன். சட்டத்தைத் தம்பி சொல்லிட்டாரு. நான் காகிதம் போற வழியைச் சொல்றேன்.

மொதல்ல ஒண்ணு பாருங்க. அந்த போன் படத்துல மேல எச்.எம்.ஓ.பி. நம்பர், அதான் இந்துத் திருமண மனுவுக்குக் கோர்ட்டுல போடற நம்பர், இருக்கா? கோர்ட் சீல், உங்க கையெழுத்து இருக்கா? திரையைப் படம் பிடிச்சதுன்னு சொல்றீங்க. எதிர்த்தரப்புக்குப் போறது தாக்கலான மனுவோட நகல். திரையில இருக்கிறது பெரும்பாலும் டிராஃப்ட். உங்க கையில இருக்கிற நகலை எடுத்து 11-வது பாராவை வரிக்கு வரி ஒத்துப் பாருங்க. ஒரு எண், ஒரு சொல் மாறியிருந்தாலும் போதும். டிராஃப்ட் எதிராளி வாசலை மிதிக்கவே மிதிக்காது.

இப்ப வழி. எங்க காலத்துல ஆபீஸ்லயே டைப்பிஸ்ட். கார்பன் தாளை வெளிச்சத்துல பிடிச்சா மொத்த மனுவையும் படிச்சிரலாம், அதனால சாயங்காலம் எங்க சீனியர் கார்பனை எண்ணிக் கிழிக்கச் சொல்வாரு. கிழிச்சதை எண்ணிக் காட்டணும். கஞ்சத்தனம்னு நினைச்சு நாங்க முதுகுக்குப் பின்னாடி சிரிப்போம். இப்ப சின்ன ஊர்ல எத்தனை ஆபீஸ்ல டைப்பிஸ்ட் இருக்காங்க? ஜூனியர் கையால எழுதி, கோர்ட்டுக்கு எதிர்த்தாப்புல இருக்கிற டைப்பிங் சென்டர்ல குடுப்பாரு. அங்க ஒரு பொண்ணு அடிச்சிக்கிட்டு இருக்கும், பக்கத்து ஸ்டூல்ல அடுத்த கேஸ்காரன் தன் முறைக்காகக் காத்துக்கிட்டுத் திரையவே பாத்துக்கிட்டு இருப்பான். ஃபைலுக்குப் பேரு உங்க பேருதான். "டைவர்ஸ் ஃபைனல்", "டைவர்ஸ் ஃபைனல் 2". முடிஞ்ச பிறகும் அழிக்க மாட்டாங்க, ஏன்னா நாளைக்கு வேற மனுவுக்கு அதையே மாதிரியா எடுத்துப் பேரை மட்டும் மாத்தணும். ஆபீஸ் வாட்ஸ்அப்பை அந்த மெஷின்ல திறந்துட்டு மூடாமப் போன ஜூனியரை நானே பாத்திருக்கேன். இ-ஃபைலிங் வந்த பிறகு ஸ்கேன் பண்ண ஆதார், பேங்க் பேப்பர் எல்லாமும் அங்கயே குடியிருக்குது. டைப்பிங் சென்டர்க்காரர் வக்கீலோட ஊழியரும் இல்ல. தம்பி சொன்ன 132 அந்த வாசல்ல போய் முட்டிக்கிட்டு நிக்கும்.

அடுத்தது ஜெராக்ஸ் கடை. கோணலா விழுந்த தாள் மெஷின் அடியில சேரும். அது பிள்ளைங்களுக்கு ரஃப் பேப்பரா போகும், இல்ல எடைக்குப் போகும்.

நானும் யோக்கியன்னு சொல்ல மாட்டேன். 1998-ல ஒரே பேர்ல ரெண்டு கட்சிக்காரர், ரெண்டு பேரும் ஒரே கிராமம். ஒருத்தரோட பாகப்பிரிவினைக் கட்டை மத்தவர் கையில குடுத்துட்டேன். அவரு பஸ்ல உக்காந்து முழுசும் படிச்சிட்டாரு. சீனியர் என்னைத் திட்டவே இல்ல. மறுநாள் காலையில என்னையும் கூட்டிக்கிட்டு அந்த ஊருக்குப் போயி திண்ணையில உக்காந்து மன்னிப்புக் கேட்டாரு. அந்தப் பெரிய மனுஷன் காபி குடுத்தாரு, ஆனா கட்டை வாங்கிக்கிட்டு வேற வக்கீலுக்குப் போயிட்டாரு. அதுல இருந்து கட்டு மேல பேரோட அப்பா பேரையும் எழுதாம நான் எதையும் தொட்டதில்ல.

நீங்க போய்க் கேக்க வேண்டியது "லீக் பண்ணீங்களா"ன்னு இல்ல. அப்படிக் கேட்டா மனுஷன் கோட்டைக் கதவைச் சாத்திக்குவாரு. "சார், என் டிராஃப்ட் எங்க டைப் ஆகுது? அங்க இன்னும் இருக்கா?" இதை மட்டும் கேளுங்க. அப்புறம், அசலை யார் கையிலயும் விடாதீங்க. காட்டிட்டு நகலைக் குடுங்க, அசல் தந்தே ஆகணும்னா என்னென்ன தந்தோம்னு ஒரு தாள்ல எழுதி ஜூனியர் கிட்டக் கையெழுத்து வாங்குங்க. அடையாளத்துக்கு மட்டும்னா கடைசி 4 இலக்கம் தெரியிற மாஸ்க் ஆதார் போதும். ஆஸ்பத்திரி பேப்பரைத் தனி உறையில குடுங்க. புது ஆபீஸ் பாக்கப் போனா வக்கீல் பேச்சைக் கேக்குறதுக்கு முன்னாடி முன்னறை பெஞ்சுல பத்து நிமிஷம் உக்காருங்க. வாய்தா டைரி விரிச்சுப் போட்டுக் கிடக்குதா, அடுத்தவங்க கட்டு மேல டீ டம்ளர் இருக்குதா, பாத்தாலே தெரிஞ்சிரும்.

---

கறுப்பு கோட்டு, எட்டு வருஷம்:

ஐயா, அந்தக் கார்பன் விஷயத்தை எங்க சீனியர் கிட்டச் சொல்லப் போறேன். கேட்டா "டேய் நான் கூட அப்படித்தான் பண்ணேன்"ம்பார், ஆனா இன்னைக்கு ஆபீஸ் கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்டு அவர் பேத்தி பேரு, மானிட்டர்லயே ஒட்டியிருக்கு.

அக்கா, ஒரு சேர்க்கை. ஜீவனாம்ச வழக்குல ரெண்டு பக்கமும் சொத்து, கடன், வருமானம், செலவு எல்லாத்தையும் அஃபிடவிட்டா போடணும்னு 2020 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் சொன்னதிலிருந்துதான் உங்க நகைக்கடன் சீட்டு வரைக்கும் கேக்கறாங்க. அது வக்கீலோட துருவல் இல்ல. கணவர் பக்கமும் அதே மாதிரி குடுத்தாகணும், அது உங்க கைக்கும் வரும். அதை நீங்களும் யாருக்கும் படம் பிடிச்சு அனுப்பாதீங்க.

---

கணக்கு டீச்சர்:

குமாஸ்தா ஐயா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல.

ஒத்துப் பாத்தேன். தாக்கலான மனுவுல வாடகை 7,000. கையெழுத்துப் போடறதுக்கு முந்தின நாள் வீட்டு ஓனர் ஏத்தினார், நான்தான் போன் பண்ணி மாத்தச் சொன்னேன். அந்தப் படத்துல 6,500. ஸ்டாஃப் ரூம்ல அந்தம்மா வாய்ல வந்ததும் 6,500தான். கணக்கு டீச்சருக்கு இது அப்பவே உறைச்சிருக்கணும். இன்னொண்ணு, நடுவுல ஒரு பாரா சேர்த்ததால ஆஸ்பத்திரி விஷயம் இப்ப 12-வது பாராவுல இருக்கு. எச்.எம்.ஓ.பி. நம்பரும் இல்ல.

நேத்து சாயங்காலம் ஆபீஸ் போனேன். நீங்க சொன்ன மாதிரியே கேட்டேன். வக்கீல் கண்ணாடியைக் கழட்டி மேஜை மேல வச்சிட்டு ரெண்டு தாளையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தார். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் எழுந்து செருப்பு மாட்டிட்டு "வாம்மா"ன்னார்.

டைப்பிங் சென்டர் ரோட்டுக்கு அந்தப் பக்கம். திரை முழுக்க மனுஷங்க பேரு. என் பேர்ல மூணு ஃபைல், ஸ்கேன் பண்ண ஆதார் தனியா. வக்கீல் பக்கத்துல நின்னு ஒவ்வொண்ணா அழிக்கச் சொன்னார். குப்பைத்தொட்டிக்குள்ள போனதையும் காலி பண்ணச் சொன்னார். அனுப்பின மெயிலையும். டைப் பண்ற பொண்ணு தலையைக் குனிஞ்சுக்கிட்டே செஞ்சா, கை நடுங்குச்சு. அவ என் பக்கத்து நாற்காலி டீச்சரோட நாத்தனார்னு அப்பத்தான் தெரிஞ்சது. அவ கிட்ட நான் ஒண்ணும் கேக்கல. கேக்கணும்னு நாலு நாளா மனசுக்குள்ள சொல்லிப் பாத்து வச்சிருந்தேன், வாய் வரல.

வெளிய வந்ததும் வக்கீல், "எதிர்த்தரப்புன்னு வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். தப்பு"ன்னார். ஆபீஸுக்குன்னு ஒரு லேப்டாப் வாங்கற வரைக்கும் ஜூனியர் தன் லேப்டாப்லயே அடிப்பாராம். வக்கீலை மாத்தல. ஆனா பேப்பர் பட்டியல் எழுதி, 17 ஐட்டம், ஜூனியர் கிட்டக் கையெழுத்து வாங்கிட்டேன். அவர் எழுதின தேதி தப்பு, திருத்த வச்சேன்.

அடுத்த வாய்தா 19-ஆம் தேதி. ஸ்டாஃப் ரூம்ல நாற்காலியை ஜன்னல் பக்கம் மாத்திக்கிட்டேன்.