ஒரே நேரம்னு சொல்லாதீங்க, ரேடியோ 8.6 செக்கன் பிந்தித்தான் வந்துச்சு

கொட்டகலை வானம்:
நேத்து நம்ம குரூப்ல பதுளை ரேடியோ அண்ணே போட்டத பாத்ததுல இருந்து மனசே ஆறல. "வேக ரேடியோ வெடிப்பு எல்லாத்துக்கும் எக்ஸ்ரே ஜோடி சிக்கிருச்சு, ரெண்டும் ஒரே நேரத்துல வந்துச்சு"ன்னு எழுதியிருக்காரு, ஏ.எல் படிக்கிற புள்ளைங்க அத அப்படியே ஷேர் பண்ணுதுங்க. வேக ரேடியோ வெடிப்புன்னா வானத்துல இருந்து மில்லிசெக்கன் கணக்குல வந்து போற ரேடியோ வெட்டு, அது எல்லாத்துக்கும் கூடவே எக்ஸ்ரே எங்க சிக்குச்சு? 2020 ஏப்ரல் 28ஆந் திகதி எஸ்.ஜி.ஆர் 1935ங்கிற மேக்னட்டார்ல (பயங்கர காந்த சக்தி உள்ள செத்த விண்மீன்) வெடிச்சதுதான் மொத மொதல்ல உறுதியா எக்ஸ்ரேயோட சிக்கினது, அதுவும் நம்ம பால்வீதிக்குள்ளயே இருக்கிறது. அதுலயும் கனடாவுல சைம் தொலைநோக்கிக்கு 400 மெகாஹெர்ட்ஸ்ல ரேடியோ வந்து சேர்ந்தது எக்ஸ்ரே வந்து 8.6 செக்கன் கழிச்சு. இதுக்குப் பேரு ஒரே நேரமா?

பதுளை ரேடியோ:
தம்பி, பாதிய படிச்சுட்டு பஞ்சாயத்துக்கு வராதீங்க. வழி நெடுக கெடக்கிற எலக்ட்ரான் ரேடியோவ இழுத்துப் பிடிக்கும், அலைவரிசை குறையக் குறைய தாமதம் கூடும், எக்ஸ்ரேக்கு அந்தத் தொல்லை இல்ல. அத கழிச்சுட்டுத்தான் கணக்கு பாக்கணும். கழிச்சா ரேடியோவுல 29 மில்லிசெக்கன் இடைவெளியில ரெண்டு உச்சி, எக்ஸ்ரேலயும் அதுக்கு நேரா ரெண்டு உச்சி. ஹட்டன்ல இருந்து ஒரே நேரத்துல ஒருத்தன் வேன்லயும் ஒருத்தன் ரயில்லயும் கெளம்புறான், நானுஓயாவுக்கு ரயில்காரன் பிந்தி வந்தா அவன் பிந்திக் கெளம்புனான்னு அர்த்தமா?

கொட்டகலை வானம்:
நீங்க எழுதுனது "வந்துச்சு". கெளம்புச்சுன்னு எழுதல. வந்தது 8.6 செக்கன் பிந்தி. சரி, கழிச்சே பாப்போம். இன்டெக்ரல் செயற்கைக்கோள் ஆளுங்க கழிச்சுத்தான் பாத்தாங்க, எக்ஸ்ரே உச்சி ரேடியோவுக்கு 6.5 மில்லிசெக்கன் பிந்தி நிக்குது. கழிக்காட்டி 8.6 செக்கன், கழிச்சா 6.5 மில்லிசெக்கன். ரெண்டுல எதுங்க பூச்சியம்?

ஹப்புத்தளை டீச்சர்:
"ஒரே நேரம்"னா வெடிச்ச எடத்துலயா, நம்மகிட்ட வந்து சேர்ற எடத்துலயா, அத மொதல்ல ரெண்டு பேரும் சொல்லுங்க. எனக்கு அதவிட பெரிய கேள்வி இருக்கு. அதே மேக்னட்டார சீனாவுல 500 மீட்டர் ஃபாஸ்ட் தொலைநோக்கி பாத்துக்கிட்டு இருந்தப்ப ஃபெர்மி செயற்கைக்கோள் 29 காமா கதிர் வெடிப்பு பிடிச்சுச்சு, ஒண்ணுல கூட ரேடியோ இல்ல. ஏன் ஏப்ரல் 28 வெடிப்புல வந்துச்சு, அந்த 29ல வரல?

பதுளை ரேடியோ:
டீச்சர், அத பொறவு பேசுவோம். கண்ணு இமைக்கவே 100 மில்லிசெக்கன் ஆகும், இவரு 6.5ஐ தூக்கிட்டு சண்டைக்கு வர்றாரு. போன வருஷம் இதே ஆளுதான் எல்லாமே மைக்ரோவேவ் அடுப்புன்னு ஒத்தக்காலுல நின்னாரு, மறந்துட்டீங்களா?

கொட்டகலை வானம்:
பொய். நான் சொன்னது பெரிட்டான். ஆஸ்திரேலியாவுல பார்க்ஸ்ல அடுப்பு நிக்கிறதுக்கு முன்னாடி கதவத் தெறந்ததால வந்த சிக்னல், 2015ல கண்டுபிடிச்சாங்க. வேக ரேடியோ வெடிப்பு வேற, பெரிட்டான் வேற, ரெண்டையும் கொழப்புனது நீங்க. இப்ப மில்லிசெக்கனையும் கொழப்புறீங்க. இந்த ரேடியோ உச்சி ஒவ்வொண்ணும் சில மில்லிசெக்கனுக்குள்ளதான் நீளம், அதுல 6.5ங்கிறது சின்ன விஷயமா? எக்ஸ்ரே எங்க பொறந்துச்சு, ரேடியோ எங்க பொறந்துச்சுன்னு அந்த 6.5லதான் இருக்கு.

லிந்துலை தம்பி:
அண்ணே, அன்னைக்கு ஊரடங்கு. இலங்கை நேரம் ராத்திரி 8.04ன்னு கணக்கு வருது. நான் அப்ப லயத்து வாசல்லதான் நின்னேன், வானத்துல ஒரு வெட்டு வெட்டுச்சு. அதுவா இருக்குமோ?

கொட்டகலை வானம்:
இருக்காது தம்பி. அந்த விண்மீன் அன்னைக்கு நம்ம பக்கம் எழும்பவே 11 மணி ஆயிருக்கும், மலையும் மறைக்கும். வெறுங்கண்ணுக்குத் தெரியிற ஒளியில இது வரைக்கும் எந்த வெடிப்புக்கும் உறுதியா ஜோடி சிக்கல. பாத்தீங்களா, ஒருத்தர் தப்பா எழுதுனா சின்னப் பையன் என்னத்தெல்லாம் நம்புறான்.

பதுளை ரேடியோ:
வானம் பாக்கிறதப் பத்தி நீங்க பேசாதீங்க. வகுப்புக்குன்னு எங்கிட்ட வாங்கிட்டுப் போன 6 அங்குலத் தொலைநோக்கிக் கண்ணாடிய மழைக்கால மிஸ்ட்ல மூடாம வச்சு, விளிம்புல எலுமிச்ச விதை அளவுல மூணு எடத்துல பூஞ்சணத்தோட திருப்பிக் குடுத்தது யாரு? அத தொடச்சா பூச்சு வருது. ரெண்டு வருஷமா வாயத் தெறக்காம இருந்தேன்.

கொட்டகலை வானம்:
மூடி வச்சுத்தான் குடுத்தேன், மூடி லூஸா இருந்துச்சு, வாங்கும்போதே சொன்னேன். பேச்ச மாத்தாதீங்க. 8.6.

ஹப்புத்தளை டீச்சர்:
400ல 8.6ன்னா 800 மெகாஹெர்ட்ஸ்ல ஏறக்குறைய 2.2 செக்கன்தான் தாமதம். எந்த அலைவரிசைன்னு சொல்லாம நம்பர மட்டும் சொல்லாதீங்க. ரேடியோ வராத அந்த 29 வெடிப்பப் பத்தி யாராச்சும் பேசுறீங்களா?

பதுளை ரேடியோ:
கேட்டுக்கிட்டீங்களா, டீச்சரே 8.6 இல்லைங்கிறாங்க.

கொட்டகலை வானம்:
டீச்சர் அப்படி சொல்லல, மேல போயி திரும்பப் படிங்க. 400ல 8.6ன்னு நான் மொத பதிவுலயே எழுதிட்டேன். "ஒரே நேரத்துல வந்துச்சு"ங்கிற வரிய நீங்க எடுக்கிற வரைக்கும் நான் விடப் போறதில்ல. ஞாயித்துக்கெழம வகுப்புல போர்டுலயும் எழுதுவேன், வர்றதா இருந்தா வாங்க.

பதுளை ரேடியோ:
வரி அங்கதான் இருக்கும். வரும்போது கண்ணாடியக் கொண்டு வர்றேன், அந்த மூணு புள்ளியையும் புள்ளைங்க பாக்கட்டும்.