1984-ல் கட்டிய நேரோபோட்: நானே துரு நீக்கிப் பெயின்ட் அடிக்க நினைக்கிறேன், எதில் தொடங்குவது?

வீடன் செல்வா:

எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் ஒரு பழைய நேரோபோட், அதாவது கால்வாயில் ஓட்டும் ஒடுக்கமான நீளப் படகு, வாங்கியிருக்கிறேன். 45 அடி நீளம், 1984-ல் கட்டிய இரும்புப் படகு. நார்தாம்ப்டன்ஷயரில் வீடன் பக்கம், கிராண்ட் யூனியன் கால்வாயில் நிற்கிறது. விற்றவர் வயதானவர். கடைசிச் சில வருடங்கள் உடம்புக்கு முடியாமல் படகுப் பக்கமே போகவில்லையாம். எஞ்சின் நன்றாக ஓடுகிறது, உள்ளே மரவேலையும் மோசமில்லை.

வெளியேதான் பார்க்க முடியவில்லை. பச்சைப் பெயின்ட் வெளுத்து, தொட்டால் கையோடு தூளாக வருகிறது. ஜன்னல்களுக்குக் கீழே துரு கோடு கோடாக வழிந்திருக்கிறது. கூரையில் கைப்பிடிக் கம்பி ஓரம் முழுக்கக் கொப்புளம். பக்கச் சுவரில் படகின் பெயர் அழகான எழுத்தில் எழுதியிருக்கிறது, பாதி மறைந்துவிட்டது. பின் கதவுகளின் உள்பக்கத்தில் ரோஜாப் பூக்களும் கோட்டையும் வரைந்திருக்கிறார்கள். அவை மங்கியிருந்தாலும் உயிரோடு இருக்கின்றன.

படகு வேலை செய்யும் யார்டில் கேட்டால் சொல்லும் விலை எனக்குக் கட்டுப்படியாகாது. ஊரில் அப்பாவோடு வீட்டுக் கேட், கிரில் எல்லாம் சுரண்டிப் பெயின்ட் அடித்த பழக்கம் இருக்கிறது. சனி, ஞாயிறும் கோடை விடுமுறையும் கையில் இருக்கின்றன. என் சந்தேகங்கள்: உதிர்வதை மட்டும் சுரண்டிவிட்டு இப்போதே மேல் கோட் அடிக்கலாமா? காருக்கு அடிக்கும் டூ பேக் பெயின்ட் (இரண்டு டப்பாவைக் கலந்து அடிப்பது) நல்லதா? தண்ணீருக்குக் கீழே என்ன செய்வது? மனைவிக்குச் சிவப்பு வேண்டுமாம். எனக்கு அந்தப் பெயரையும் பூக்களையும் இழக்க மனமில்லை. செய்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

ரக்பி ராஜி:

செல்வா தம்பி, முதலில் வாழ்த்துகள். தாராளமாக நீங்களே செய்யலாம். நானும் வீட்டுக்காரரும் 1978-ல் கட்டிய 50 அடிப் படகு ஒன்றை அப்படித்தான் எடுத்துச் செய்தோம். இப்போது கோடை முழுக்க அதில்தான் இருக்கிறோம். ஆனால் கலர் கார்டைக் கொஞ்ச நாளைக்கு எடுத்து வையுங்கள். படகைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுத்து, தகடு எவ்வளவு கனம் மிச்சம் இருக்கிறது என்று தெரியும் வரைக்கும் பெயின்ட் டப்பாவைத் திறக்கவே வேண்டாம் என்பேன்.

வாங்கும்போது சர்வே எடுத்தீர்களா என்று சொல்லவில்லை. எடுக்கவில்லை என்றால் அதுதான் முதல் செலவு. இப்போது கட்டும் படகுகளில் பொதுவாக அடித்தகடு 10 மி.மீ., பக்கங்கள் 6, கேபின் 4 என்று போடுகிறார்கள். உங்கள் படகின் காலத்தில் அடித்தகடே 6 மி.மீ. இருப்பது சாதாரணம். 40 வருடத் துரு அதை ஒரே சீராகத் தின்றிருக்காது, குழி குழியாகத் தின்றிருக்கும். சர்வேயர் அல்ட்ராசானிக் கருவியை வைத்து இடம் இடமாக அளந்து கணக்குக் கொடுப்பார். எங்காவது 4 மி.மீ.க்குக் கீழே போயிருந்தால் பல இன்சூரன்ஸ் கம்பெனிகள் முழுக் காப்பீடு தர மாட்டார்கள். அந்த இடத்தில் மேலே புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டிவரும். வெல்டிங் சூட்டில் சுற்றியுள்ள பெயின்ட் கருகிப்போகும். முன்னாலேயே பெயின்ட் அடித்திருந்தால் அந்த உழைப்பெல்லாம் வீண். இன்னொன்று, உள்ளே நுரை இன்சுலேஷன் இருந்தால் அது சூட்டில் எரிந்து வரும் புகை உயிருக்கே ஆபத்து. வெல்டரிடம் முன்கூட்டியே சொல்லி, அந்த இடத்து மரப்பலகையையும் நுரையையும் கழற்றிய பிறகுதான் வேலை நடக்க வேண்டும்.

எங்கள் படகில் அடியைவிட நீர்மட்டக் கோட்டில்தான் அதிகம் போயிருந்தது. காற்றும் தண்ணீரும் மாறி மாறிப் படுகிற அந்த ஒரு சாண் அகலத்தை விசேஷமாகப் பாருங்கள்.

படகு வெளியே இருக்கும்போதே அடிப்பக்க வேலையை முடித்துவிடுங்கள். பாசியையும் ஒட்டியிருக்கும் சிப்பியையும் பிரஷர் வாஷரால் கழுவி, நன்றாகக் காயவிட்டு, தார் அடிக்க வேண்டும். நீர்மட்டக் கோட்டுக்கு மட்டும் ஒரு கோட் கூடுதல். இந்தப் பிட்டுமன் தாரை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருக்கும். எபாக்ஸி நீண்ட நாள் நிற்கும், ஆனால் பழைய தாரின் மேல் அது பிடிக்காது. கிரிட் பிளாஸ்டிங் செய்து, அதாவது கரடான துகள்களை வேகமாக அடித்து, வெறும் இரும்பாக்கிய பிறகுதான் அடிக்க முடியும், அதற்குத் தனிச் செலவு. காசு இருந்தால் செய்யுங்கள், இல்லாவிட்டால் தாரே போதும், ஒழுங்காகத் திரும்பத் திரும்ப அடித்தால். படகின் பக்கங்களில் வெல்டிங் செய்து வைத்திருக்கும் மெக்னீசியம் அனோடுகளின் மேல் மட்டும் தார் படவே கூடாது. இரும்புக்குப் பதிலாகத் தான் கரைவதுதான் அவற்றின் வேலை. கரையிலிருந்து மின்சாரம் இழுப்பதாக இருந்தால் அந்த இணைப்பின் வழியாக இரும்பு அரிக்காமல் தடுக்கும் கால்வானிக் ஐசோலேட்டர் ஒன்றும் மாட்டிவிடுங்கள்.

இனி மேல்பக்கம். உதிர்வதை மட்டும் சுரண்டிவிட்டு அடிக்கலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். ஜன்னலின் கீழ் மூலையில் ஒரு சின்னக் கொப்புளம் இருக்கும், கட்டைவிரல் நகம் அளவுக்கு. அதன் ஓரத்தில் ஸ்க்ரேப்பரை நுழைத்து நெம்பிப் பாருங்கள். உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட் பொருக்காகப் பெயர்ந்து வரும். அடியில் முதலில் ஆரஞ்சு நிறத் தூள். அதற்கும் அடியில் கறுத்துப்போன துரு அடுக்கு அடுக்காக இருக்கும், நகத்தால் கிள்ளினால் உரியும். வெயில் காலத்தில்கூட உள்ளே ஈரம் இருக்கும். ஜன்னல் சட்டத்துக்கும் இரும்புக்கும் நடுவில் தண்ணீர் புகாமல் அடைத்திருந்த மாஸ்டிக் பசை காய்ந்து வெடித்து, மழைத் தண்ணீர் வருடக்கணக்கில் அங்கேயே தங்கியதால் வந்தது அது. அதனால் ஜன்னல்களைக் கழற்றியே ஆக வேண்டும். அலுமினியச் சட்டத்தைப் பிடித்திருக்கும் திருகுகள் பல துருப்பிடித்து இறுகியிருக்கும். பொறுமையாக எண்ணெய் விட்டு எடுங்கள், வராததை டிரில் செய்துவிடுங்கள். திரும்ப மாட்டும்போது ஒட்டும் ரப்பர் போன்ற பியூட்டைல் டேப் வைத்து மாட்டினால் நல்லது.

துருவை எடுக்க, இரும்பு ஊசிகளால் தட்டித் தட்டி உதிர்க்கும் நீடில் கன் வாடகைக்குக் கிடைக்கும். சத்தம் தாங்க முடியாது, காதுக்கு அடைப்பு வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்துப் படகுக்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். மெல்லிய துருவுக்குக் கிரைண்டரில் ஃபிளாப் டிஸ்க் (உப்புத்தாள் மடல்கள் அடுக்கிய வட்டு) போதும். குழிகளுக்குள் தங்கும் துருவுக்கு ஃபெர்ட்டான் என்ற துரு மாற்றும் திரவத்தைத் தடவி ஒரு நாள் விட்டு, தண்ணீரால் கழுவித் துடைத்துவிட்டு, காய்ந்தவுடன் எபாக்ஸி பிரைமர் அடியுங்கள். வெறும் இரும்பை ஒரு ராத்திரிகூடத் திறந்து போடாதீர்கள். இந்த ஊர்ப் பனிக்குக் காலையில் அதன் மேல் செம்பழுப்பு ஏறியிருக்கும். ஒரு நாளில் எவ்வளவு பிரைமர் அடிக்க முடியுமோ அந்த அளவுக்கு மட்டும் சுரண்டுங்கள்.

பிறகு தேய்ப்பு. பழைய பெயின்ட் உறுதியாக இருக்கும் இடத்தில் அதை முழுக்க உரிக்க வேண்டியதில்லை, ஓரத்தை மட்டும் சரிவாகத் தேய்த்தால் போதும். கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினால் எங்கே இரும்பு முடிந்து பழைய பெயின்ட் தொடங்குகிறது என்று விரலுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் இன்னும் தேய்க்க வேண்டும், அல்லது பட்டி பார்க்க வேண்டும். எங்கள் கோடையில் பெரும்பகுதி இதிலேயே போனது. எனக்கு இந்த வேலை மிகவும் பிடித்திருந்தது. தேய்க்கத் தேய்க்கப் பச்சைக்குக் கீழே நீலம், நீலத்துக்குக் கீழே பழைய சிவப்பு என்று ஒவ்வொன்றாக வரும், முன்பு வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவரும் தெரிவார்கள்.

தேய்க்கும் முன்னால் அந்தப் பெயரைப் படியெடுத்துவிடுங்கள், இதைத் தள்ளிப்போடாதீர்கள். சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழும்போது பாருங்கள், மறைந்த எழுத்துகளின் விளிம்பு கூட மேடாகத் தெரியும். டிரேசிங் பேப்பரை ஒட்டி விளிம்புகளை வரைந்துகொள்ளுங்கள். ஜன்னலிலிருந்தும் பக்க விளிம்பிலிருந்தும் எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது என்பதையும் அதிலேயே எழுதுங்கள். அளவுகோல் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் போட்டோ எடுங்கள். கையால் எழுதிய எழுத்துக்கு ஒரு சாய்வும் இடைவெளியும் இருக்கிறது. கம்ப்யூட்டரில் வெட்டிய ஸ்டிக்கரில் அது வராது.

மேல் கோட்டுக்கு இங்கே எல்லோரும் சொல்லும் கிராஃப்ட்மாஸ்டர், ரைலார்ட் போன்ற கோச் எனாமல்கள் நல்லவை. பனிதான் எதிரி. இரும்பின் சூடு, பனி படியும் அளவைவிடக் குறைந்தது 3 டிகிரி மேலே இருக்க வேண்டும். காலையில் பனி காய்ந்த பிறகு ஆரம்பித்து, மதியம் இரண்டு மணிக்குள் தூரிகையை வைத்துவிடுங்கள். நாலு மணிக்கு அடித்த கோட்டின் மேல் இரவில் பனி இறங்கினால் காலையில் பளபளப்பு செத்து, பால் பூத்து நிற்கும். நேரடி வெயில் படும் பக்கத்திலும் அடிக்கக் கூடாது, பெயின்ட் பரவுவதற்குள் இழுத்துக்கொள்ளும். இரண்டு பேர் இருந்தால் சுலபம். ஒருவர் ஃபோம் ரோலரால் இரண்டடி அகலத்துக்கு மெல்லியதாகப் பூசிக்கொண்டே போக, இன்னொருவர் காய்ந்த தூரிகையின் நுனியால் மேலிருந்து கீழாக ஒரே இழுப்பில் தடவிக்கொண்டே பின்னால் வர வேண்டும். நடுவில் நிற்கக் கூடாது, போன் வந்தாலும் எடுக்கக் கூடாது. ஈர ஓரம் காய்ந்தால் அந்தக் கோடு என்றைக்கும் தெரியும்.

கேஸ் குழாய் பக்கம் மட்டும் கை வைக்காதீர்கள், அதற்குக் கேஸ் சேஃப் (இங்கே கேஸ் வேலை செய்பவர்களின் பதிவேடு) பதிவுள்ள ஆளைக் கூப்பிடுங்கள். நாலு வருடத்துக்கு ஒருமுறை வாங்க வேண்டிய போட் சேஃப்டி சான்றிதழ் எப்போது முடிகிறது என்றும் பாருங்கள்.

கவன்ட்ரி சிவா:

அக்கா சொன்னதெல்லாம் சரி. நான் கார் பெயின்ட் அடிக்கிற இடத்தில் வேலை செய்கிறேன், டூ பேக் பற்றி மட்டும் சொல்லுறன். தம்பி, அதை இறுகவைக்கக் கலக்கிற ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கு. அது நுரையீரலைப் பிடித்தால் ஆஸ்துமா வரும், ஒருமுறை வந்தால் பிறகு கொஞ்சம் பட்டாலே மூச்சு முட்டும். நாங்கள் அடிக்கும்போது வெளிக்காற்று குழாயில் வருகிற முகமூடி போட்டுத்தான் பெயின்ட் அடிக்கிற பூத்துக்குள் போவோம். கடையில் வாங்குகிற சாதாரண மாஸ்க் இதுக்குக் காணாது. கால்வாய்க் கரையில், நடைபாதையில் பிள்ளைகள் போய்வருகிற இடத்தில் அதை ஸ்பிரே பண்ணவே கூடாது. பளபளப்பு எவ்வளவு நல்லாயிருந்தாலும் வேண்டாம். எனாமலே அடியுங்கோ.

மற்றது ஈயம். இங்கிலாந்தில் பொதுமக்களுக்கு ஈயப் பெயின்ட் விற்பதை 1992-ல்தான் நிற்பாட்டினவை. உங்கட படகில் அடி அடுக்குகளில் இருக்கலாம். சோதிக்கிற கிட் வாங்கிப் பாருங்கோ. இருந்தால் காயத் தேய்க்காமல் தண்ணி போட்டு வெட் அண்ட் டிரை பேப்பரால் (நனைத்துத் தேய்க்கிற உப்புத்தாள்) தேய்க்கவேணும், நுண்ணிய தூசையும் தடுக்கிற பி3 மாஸ்க் போடவேணும். அந்தச் சேற்றுத் தண்ணி கால்வாய்க்குள்ள போகவிடாமல் கீழே ஷீட் விரியுங்கோ. வேலை உடுப்போடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்க வேண்டாம்.

வீடன் செல்வா:

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. வாங்கும்போது பழைய சர்வே ஒன்றைத்தான் காட்டினார்கள். புது சர்வேக்கும் கரையேற்றுவதற்கும் ஜூன் கடைசியில் நாள் கிடைத்திருக்கிறது. அதுவரைக்கும் ஜன்னல்களைக் கழற்றிப் பார்க்கப் போகிறேன். பெயரை இன்று சாயங்காலமே படியெடுத்துவிடுகிறேன். ராஜி அக்கா, அந்தக் கதவுப் பூக்களை என்ன செய்யட்டும்? மேலேயே புதிதாக வரையச் சொல்லலாமா? சிவப்பு பற்றியும் சொல்லுங்கள்.

ரக்பி ராஜி:

சிவப்பு அடிக்கலாம், ஆனால் பக்கங்களில் நடுப் பலகை போல் கட்டம் கட்டிய இடத்துக்கு மட்டும் வையுங்கள். சிவப்பு வெயிலுக்குச் சீக்கிரம் வெளுக்கும், சின்ன இடம் என்றால் திரும்ப அடிப்பது சுலபம். சுற்றிலும் அதே பச்சையின் ஆழ்ந்த நிறம் பொருந்தும். கூரைக்கு மட்டும் வெளிர் நிறம்தான். கறுப்போ கருநீலமோ அடித்தால் ஜூலையில் உள்ளே உட்கார முடியாது. கூரையில் நடக்கும் இடத்தில் பெயின்ட் ஈரமாக இருக்கும்போதே வழுக்காத மணலைத் தூவுங்கள்.

பூக்களின் மேல் புதிதாக வரைய வேண்டாம், தயவுசெய்து. ரயிலோடு போட்டி போட முடியாமல் கூலி குறைந்து, படகுக்காரர்கள் குடும்பத்தோடு படகிலேயே குடியிருந்த காலத்துக் கலை அது. பத்தடி நீளம்கூட இல்லாத பின் கேபினில் அடுப்பு, கட்டில், பிள்ளைகள் எல்லாம் இருந்தன. அதற்குள் கை படும் இடமெல்லாம் பூ வரைந்துகொண்டார்கள். உங்களுக்குப் பக்கத்தில் உள்ள பிரவுன்ஸ்டனில் ஃபிராங்க் நர்சர் என்பவரின் கைவண்ணம் பெயர் பெற்றது. இருண்ட வட்டத்தின் மேல் ஒவ்வொரு இதழையும் ஒரே இழுப்பில் போடுவார்கள், திருத்தம் கிடையாது. உங்கள் கதவில் வரைந்தவர் யார் என்று தெரியாவிட்டாலும் அந்த இழுப்பு அங்கே இருக்கும். மேலே வரைந்தால் அது போய்விடும். ஒரு நாள் ஸ்டோக் புரூயர்ன் கால்வாய் அருங்காட்சியகத்துக்குப் போய்ப் பழைய தண்ணீர்க் கேன்களையும் கதவுகளையும் பாருங்கள், எது பழைய கை என்று கண் பழகும்.

கதவுகளைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள், கிரைண்டர் தூசு படாமல். பஞ்சைத் தண்ணீரில் லேசாக நனைத்து, ஓரத்தில் ஒரு சின்ன இடத்தில் ஒற்றிப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் உடனே நிறுத்திவிட்டு, தெரிந்த ஒரு படகு ஓவியரிடம் காட்டுங்கள். ஏறாவிட்டால் மெதுவாக அழுக்கை எடுத்து, நன்றாகக் காயவிட்டு, மெல்லியதாக ஒரு கோட் வார்னிஷ் போதும். கதவின் வெளிப்பக்கத்தைச் சுரண்டும்போது கீல் ஓரத்தையும் கீழ் ஓரத்தையும் மறக்காதீர்கள், தண்ணீர் அங்கேதான் நிற்கும். சர்வே அறிக்கை வந்ததும் எண்களை இங்கே போடுங்கள், தகடு வைக்க வேண்டுமா என்று பார்க்கலாம்.