கீழ் வீட்டு பாத்ரூமில் மாடி வீட்டு சோப்பு நுரை: மெயின் லைன் அடைப்பா?

மாம்பலத்தான்72:

மேற்கு மாம்பலத்தில் பழைய வீடு, அப்பா 1988-ல் கட்டியது. கீழே நாங்கள், மாடியில் ஒரு குடித்தனம். செப்டிக் டேங்க் கிடையாது, பாதாளச் சாக்கடை இணைப்புதான். பத்து நாளாக ஒரே தொல்லை. மாடியில் வாஷிங் மெஷின் தண்ணீரை வெளியே தள்ளும்போதெல்லாம் எங்கள் பாத்ரூம் தரை ஜல்லடை வழியாக நுரை நுரையாகத் தண்ணீர் மேலே வருகிறது. நாங்கள் துணியே துவைக்கவில்லை, ஆனால் அவர்கள் போடும் சோப்புத்தூள் வாசனை எங்கள் பாத்ரூமில் அடிக்கிறது. டாய்லெட்டில் ஃப்ளஷ் பண்ணினால் தண்ணீர் விளிம்பு வரை ஏறி நின்று, ‘களக் களக்’ என்று சத்தம் போட்டுவிட்டு மெதுவாக இறங்குகிறது. நேற்று காலை அம்மா குளிக்கப் போன இடத்தில் கணுக்கால் அளவு கறுப்புத் தண்ணீர்.

வந்த பிளம்பர் முதலில் ஜல்லடையைக் கழற்றி ஆசிட் ஊற்றினார், 800 ரூபாய். ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் கேட் பக்கத்தில் இருக்கிற சேம்பரை (சாக்கடை பைப்புகள் சேர்கிற, மூடி போட்ட குழி) திறந்து பார்த்து, ‘இது சுத்தமாக இருக்கிறது சார், மெயின் லைன் கிளியர், பாத்ரூம் தரையை உடைத்து பைப் மாற்ற வேண்டும்’ என்கிறார். 35,000 கேட்கிறார். சமையலறை சிங்க் மட்டும் எந்தப் பிரச்சினையும் இல்லாமல் போகிறது. அதனால்தான் குழப்பம். தரையை உடைக்கலாமா?

பழைய_சைட்_எஞ்சினியர்:

உடைக்காதீர்கள் சார். முதலில் மாடித் தொட்டியிலிருந்து வருகிற கேட் வால்வை மூடுங்கள். மாடிக்காரர்களிடம் ‘கொஞ்சம் பார்த்து செலவு பண்ணுங்கள்’ என்று சொல்வதெல்லாம் வேலைக்கு ஆகாது. அவர்கள் ஒரு ஃப்ளஷ் பண்ணினால் அது உங்கள் பாத்ரூமில்தான் வந்து நிற்கும்.

ஒரே ஒரு இடத்தில் தண்ணீர் நின்றால் அந்த இடத்துக் கிளை பைப்பில் அடைப்பு. உங்களுக்கு டாய்லெட், ஜல்லடை, மாடி லைன் மூன்றும் சேர்ந்து மக்கர் பண்ணுகின்றன. அப்படியென்றால் மூன்றும் சேர்கிற இடத்துக்கு அப்புறம்தான் அடைப்பு. போக வழியில்லாத தண்ணீர் வீட்டிலேயே தாழ்வான வாய் எதுவோ அது வழியாக வெளியே வரும். கீழ் பாத்ரூம் ஜல்லடைதான் அது. வெஸ்டர்ன் கோப்பையின் விளிம்பு உயரத்தில் இருப்பதால் அது கடைசியில்தான் வழியும். களக் களக் என்பது பைப்பில் சிக்கிய காற்று, ட்ராப்பில் (நாற்றம் மேலே வராமல் தண்ணீர் தேங்கி நிற்கிற வளைவு) இருக்கிற தண்ணீரைக் குடைந்துகொண்டு வெளியேறுகிற சத்தம்.

இப்போது அந்த சிங்க். நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதிய அந்த வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. சிங்க்கில் ஒரு பக்கெட் தண்ணீரை ஊற்றச் சொல்லிவிட்டு கேட் சேம்பரைத் திறந்து வைத்துப் பாருங்கள். அங்கே தண்ணீர் வந்து, தெருப் பக்கமும் நிற்காமல் போனால், சிங்க் லைன் சேர்கிற இடத்திலிருந்து தெரு வரைக்கும் பாதை சரி. அடைப்பு அதற்கும் டாய்லெட்டுக்கும் நடுவில். பிளம்பர் சுத்தமான சேம்பரைப் பார்த்து ‘கிளியர்’ என்றாரே, மேலேயிருந்து கழிவு வந்தே சேரவில்லை என்பதால்தான் அது சுத்தமாக இருக்கிறது!

வீட்டில் மொத்தம் எத்தனை சேம்பர்?

மாம்பலத்தான்72:

எனக்குத் தெரிந்து இரண்டு. பின்பக்கம் டாய்லெட் சுவருக்கு வெளியே ஒன்று, கேட் அருகே ஒன்று. பின்பக்க மூடியை இதுவரை யாரும் திறக்கவில்லை, மேலே அம்மாவின் துளசித் தொட்டி இருக்கிறது.

சுந்தரி_திருநகர்:

சார், ஒரு ஐடியா. பேக்கிங் சோடா அரை கப், மேலே வினிகர், அப்புறம் கொதிக்கக் கொதிக்க வெந்நீர். எங்கள் சிங்க் இப்படித்தான் சரியானது.

பழைய_சைட்_எஞ்சினியர்:

சிங்க் எண்ணெய்ப் பிசுக்குக்கு வெந்நீர் ஓரளவு உதவும் மேடம். இங்கே முழு லைனும் நிரம்பி நிற்கிறது, நாம் ஊற்றுவது அடைப்பைப் போய் எட்டவே எட்டாது. அவர் ஊற்றிய ஆசிட்டும் அப்படித்தான் ஜல்லடைக்குக் கீழேயே கிடக்கும். அடுத்து கம்பி போடுகிறவர் முகத்தில் தெறிக்கும், அதனால் வருகிற ஆளிடம் ‘இதில் ஆசிட் ஊற்றியிருக்கிறது’ என்று மறக்காமல் சொல்லிவிடுங்கள். அது மேல் பிளீச்சிங் பவுடரைக் கொட்டிவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.

மாம்பலத்தாரே, துளசித் தொட்டியை நகர்த்துங்கள். பின் சேம்பருக்கும் கேட்டுக்கும் எத்தனை அடி? நடுவில் பைப் திரும்புகிறதா?

மாம்பலத்தான்72:

கிட்டத்தட்ட 45 அடி, பக்கவாட்டு சந்தில் ஒரு திருப்பம். இன்னொரு விஷயம், பிளம்பர் போன் பண்ணி, ‘தரையை உடைக்க வேண்டாமென்றால் ஒரு ஆளை இறக்கி கையாலேயே எடுத்துவிடலாம், 3,000 கொடுங்கள்’ என்கிறார். ஆழம் மூன்றடிதான் இருக்கும் என்கிறார்.

வடசென்னைக்காரன்:

அண்ணா, அந்த ஆளை மட்டும் இறக்காதீர்கள். கையால் கழிவு அள்ளுவதைத் தடை செய்கிற 2013 சட்டப்படி சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ ஆளை இறக்கிப் பாதுகாப்பில்லாமல் சுத்தம் செய்ய வைப்பது குற்றம். முதல் தடவைக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். ‘நான் பிளம்பரிடம்தான் சொன்னேன், அவர்தான் ஆளைக் கூட்டி வந்தார்’ என்று தப்பிக்க முடியாது, மறைமுகமாக வேலைக்கு வைப்பதையும் அந்தச் சட்டம் தடுக்கிறது. இப்படி இறந்தவர்களின் குடும்பத்துக்கான இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது.

மூன்றடிதானே என்று நினைக்காதீர்கள். மூடிக் கிடந்த கழிவில் ஹைட்ரஜன் சல்ஃபைடு சேர்ந்திருக்கும், அழுகிய முட்டை நாற்றம். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, ‘நாற்றம் போய்விட்டது’ என்று நினைத்துக்கொண்டுதான் ஆள் தலையை உள்ளே விடுவான். எங்கள் தெருவில் ஒருவர் இப்படிக் குனிந்து மயங்கி விழுந்து, பக்கத்தில் ஆள் இருந்ததால் பிழைத்தார். மூடியைக் கடப்பாரையால் நெம்பித் திறந்து அரை மணி நேரம் அப்படியே விட்டுவிட்டுத் தள்ளி நில்லுங்கள். பக்கத்தில் பீடி, தீக்குச்சி எதுவும் கூடாது. குழந்தைகளை உள்ளே அனுப்பிவிடுங்கள்.

பழைய_சைட்_எஞ்சினியர்:

தம்பி சொன்னது சரி. மூன்றடி சேம்பருக்கு ஆள் இறங்க அவசியமே இல்லை, மேலே நின்றே ராடு (அடைப்பு எடுக்கிற நீளக் கம்பி) போடலாம்.

45 அடி, அதில் ஒரு திருப்பம் என்றால் நடுவில் இன்னொரு சேம்பர் இல்லாமல் அந்தக் காலத்து மேஸ்திரி விட்டிருக்க மாட்டார். சந்தில் டைல்ஸ் போட்டீர்களா? போட்டபோது மூடிக்கு மேலேயே ஒட்டிவிட்டுப் போயிருப்பார்கள். ஒரு நாணயத்தால் ஒவ்வொரு டைல்ஸாகத் தட்டிப் பாருங்கள், ‘டொங்’ என்று கேட்கிற இடத்தை உடைக்கலாம். பாத்ரூம் முழுவதையும் உடைப்பதற்கு இரண்டு டைல்ஸ் தேவலை.

வைகைக்கரை:

இதே அறிகுறி செப்டிக் டேங்க் வீடுகளிலும் வரும், தேடி வருகிறவர்களுக்காக எழுதுகிறேன். மதுரைக்கு வெளியே எங்கள் வீட்டில் எல்லா டாய்லெட்டும் ஒரே நாளில் மெதுவானது, அடைப்பு என்று நினைத்து ராடு போட்டோம், கடைசியில் பார்த்தால் டேங்க் நிரம்பி ஒன்பது வருஷத்துக் கசடு. லாரி வைத்து உறிஞ்சி எடுத்ததும் சரியானது. அதற்கு 14420 என்ற உதவி எண்ணில் கேட்கலாம். கசடை வாய்க்காலில் கொட்டுகிற லாரியைக் கூப்பிடாதீர்கள்.

மாம்பலத்தான்72:

சார், நீங்கள் இருக்கிற திசைக்கு ஒரு கும்பிடு. 2016-ல் போட்ட டைல்ஸ். திருப்பத்துக்குச் சரியாகப் பக்கத்திலேயே ‘டொங்’ கேட்டது. உடைத்தால் சிமெண்ட் மூடி. உள்ளே சிங்க் தண்ணீர் தவிர வேறு எதுவும் இல்லை. அப்புறம் துளசியை நகர்த்திப் பின் சேம்பரைத் திறந்தோம், கழுத்து வரை நிரம்பி மேலே ஏடு மாதிரி கட்டி நின்றது. அந்த நாற்றத்தை எழுத்தில் எழுத முடியாது. நடுவில் 18 அடி. வேறு ஒரு பிளம்பர் ராடு கொண்டு நாளை வருகிறார். எதையாவது கவனிக்க வேண்டுமா?

பழைய_சைட்_எஞ்சினியர்:

ராடை வலப்பக்கமாக மட்டுமே சுற்றச் சொல்லுங்கள். துண்டுத் துண்டாகத் திருகிச் சேர்த்த ராடு அது, இடப்பக்கம் சுற்றினால் உள்ளேயே மரை கழன்று தங்கிவிடும், அப்புறம் அடைப்பு ஒன்று, ராடு ஒன்று. நடு சேம்பரிலிருந்து மேல்நோக்கிப் போட்டால் அடைப்பு உடைகிற நொடியில் மொத்தத் தண்ணீரும் ஆள் மேல் பாயும், அதனால் பின் சேம்பரிலிருந்து போடுவது நல்லது. நடு சேம்பர் வெளிவாயில் ஒரு பழைய ஜல்லடையையோ கம்பி வலையையோ நிறுத்தி வையுங்கள். இல்லாவிட்டால் இங்கே உடைந்தது கேட் தாண்டித் தெரு இணைப்பில் போய்ச் சிக்கும். முகத்துக்குக் கண்ணாடி, முழங்கை வரை ரப்பர் கையுறை.

கேட் சேம்பரும் நிரம்பி நின்றிருந்தால் கதை வேறு, அது தெரு மெயின். சென்னையில் குடிநீர் வாரியத்தின் 1916-க்குப் போன் பண்ணிப் புகார் எண் வாங்க வேண்டும், தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடைப்பு எடுக்கிற ஜெட்ராடிங் வண்டி வரும். அந்த நிலையில் வீட்டுக்குள் எவ்வளவு ராடு போட்டாலும் பிரயோஜனம் இல்லை.

ஆமாம், சம்ப் (தரைக்குக் கீழே இருக்கிற தண்ணீர்த் தொட்டி) எங்கே இருக்கிறது?

மாம்பலத்தான்72:

பின் சேம்பரிலிருந்து ஆறடி. ஏன் சார்?

பழைய_சைட்_எஞ்சினியர்:

பத்து நாள் கழுத்து வரை நின்ற கழிவு சேம்பர் சுவரில் கசிந்திருந்தால் மண் வழியாக சம்ப்புக்குப் போகலாம். சம்ப் தண்ணீரைக் குடிக்க, சமைக்க எடுக்காதீர்கள். மோட்டாரும் போடாதீர்கள், அது மாடித் தொட்டியையும் கெடுத்துவிடும். சம்ப்பைக் காலி செய்து, சுவரில் ஈரக் கோடு இறங்குகிறதா பார்த்து, பிளீச்சிங் பவுடரால் கழுவிவிட்டுத்தான் மறுபடி நிரப்ப வேண்டும்.

மாம்பலத்தான்72:

முடிந்தது. நான்காவது ராடு சேர்த்தபோது தட்டுப்பட்டது, இழுத்தால் வேர். பக்கத்து வீட்டு வேப்ப மரம் எங்கள் சுவரிலிருந்து நாலடி. சுட்ட மண் பைப்பின் ஜாயிண்ட் வழியாக நுழைந்து, உள்ளே போனதும் சடைசடையாகப் பிரிந்து, தேங்காய் நார் மாதிரி ஒரு அடி நீளம், அதில் மாடிக் குழந்தைக்குத் துடைக்கிற ஈரத்துணிகள் அப்படியே சுற்றிக் கிடந்தன. பாக்கெட்டில் டாய்லெட்டில் போடலாம் என்று எழுதியிருக்கிறது என்று அவர்கள் காட்டினார்கள்! சண்டை போடவில்லை, மூடி வைத்த குப்பைக் கூடை ஒன்று வாங்கிக் கொடுத்தேன். தண்ணீர் ஒரு உறுமலோடு இறங்கியது, ஐந்து நிமிஷத்தில் பின் சேம்பர் அடித்தளம் தெரிந்தது. 2,200 ரூபாய்.

வேர் மறுபடி வரும்தானே?

பழைய_சைட்_எஞ்சினியர்:

வரும். ஜாயிண்ட் திறந்திருக்கும் வரை வரும். அந்த 18 அடியை மட்டும் 6 அங்குல பி.வி.சி.யாக மாற்றிவிடுங்கள். வாட்டம் (சரிவு) 60 அடிக்கு ஒரு அடி, அதாவது பத்தடிக்கு இரண்டு அங்குலம். 4 அங்குலமே போதும் என்று போட்டால் பத்தடிக்கு மூன்று. மேஸ்திரி ‘கண்ணாலேயே பார்த்துக்கொள்வேன் சார்’ என்றால் விடாதீர்கள், டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய டியூபால் மட்டம் பார்ப்பது) பிடிக்கச் சொல்லுங்கள். மழைத் தண்ணீர்க் குழாய் எதையாவது இந்த லைனில் சேர்த்திருந்தால் இப்போதே பிரித்துவிடுங்கள், ஐப்பசி மழையில் தெரு மெயின் நிரம்பும்போது அதுவும் சேர்ந்து வீட்டுக்குள் திரும்பும்.

மாம்பலத்தான்72:

சரி சார், பொங்கலுக்கு முன்னால் மாற்றிவிடுகிறேன். சம்ப் காலி செய்தாயிற்று, நல்ல வேளை சுவரில் ஈரம் இல்லை, கழுவி லாரித் தண்ணீர் நிரப்பியாயிற்று. துளசித் தொட்டிக்குச் சக்கரம் வைத்த பலகை வாங்கியிருக்கிறேன். நடு சேம்பருக்குக் கைப்பிடி வைத்த மூடி போட்டாயிற்று. டைல்ஸ்காரர் வந்து, ‘பார்க்க அசிங்கமாக இருக்கிறதே சார், மேலே ஒரு டைல்ஸ் ஒட்டிவிடட்டுமா’ என்று கேட்டார்.