மஞ்சள் பிளஸ் வரவே மாட்டேங்குது: மேல மூணு மஞ்சள், ஒண்ணு மட்டும் கவுந்து நிக்குது

திருமங்கலத்தான்
தமுக்கம் பொருட்காட்சியில வாங்குன ஸ்டிக்கர் ஒட்டின 3×3 ரூபிக்ஸ் கியூப். வெள்ளை பிளஸ், வெள்ளை மூலை, நடு அடுக்கு வரைக்கும் பாப்பா போட்டுருது. மஞ்சளுக்கு வந்தா சிக்கல். மேல உள்ள நாலு விளிம்புத் துண்டுல (ரெண்டு நிறத் துண்டு, நாலும் மஞ்சளானாத்தான் பிளஸ்) மூணு மஞ்சளா நிக்குது, நாலாவது பக்கவாட்டைப் பாக்குது. முன் வலச்சுற்று (முன் பக்கத்தைக் கடிகார திசையில), வலது மேலே (வலப்பக்க அடுக்கை மேலே), மேல் இடம் (மேல் அடுக்கை இடப்பக்கம்), வலது கீழே, மேல் வலம், முன் இடச்சுற்று. இதைத் திரும்பத் திரும்பப் போட்டாலும் சில நேரம் மூணு, சில நேரம் ஒண்ணு. ரெண்டு, நாலு வந்ததே இல்ல. கீழ விழுந்து ஒரு துண்டு தெறிச்சு, மாட்டி வச்சிருக்கோம். கோளாறு கியூப்லயா, கையிலயா?

மாசிவீதி_கியூப்
தெறிச்ச துண்டைத் தலைகீழா மாட்டிருப்பீங்க. எப்படித் திருப்பினாலும் ஒரே ஒரு விளிம்பு மட்டும் தனியா கவுறாது, கவுந்தா ஜோடியாத்தான் கவுறும். அதனால மேல மஞ்சள் எண்ணிக்கை 0, 2, 4 மூணுல ஒண்ணாத்தான் இருக்கணும்.

மேல் அடுக்கை 45 டிகிரி திருப்பி, கவுந்த துண்டுக்கு அடியில ஸ்பூன் காம்பைக் குடுத்து நெம்புங்க. வெளிய வந்ததும் புரட்டி, அதே 45 டிகிரியில வச்சு அழுத்துனா உக்காந்துரும். ரொம்ப இறுக்கமா இருந்தா நடுத்துண்டு மூடியைக் கழட்டி ஸ்க்ரூவை அரைச் சுத்து லூஸ் பண்ணிக்கங்க. மூலையில கை வச்சு இழுக்காதீங்க, உள்ள இருக்கற கால் ஒடிஞ்சிரும்.

திருநகர்_48
அண்ணே, அவசரப்பட்டுக் கழட்டச் சொல்லாதீங்க. நடு அடுக்குல ஒரு விளிம்புத் துண்டு சரியான இடுக்குல (ரெண்டு பக்கம் சேர்ற இடம்), ஆனா ரெண்டு நிறமும் பக்கம் மாறி உக்காந்திருந்தாலும் மேல இதே 1, 3 கணக்குதான் வரும். பிள்ளைங்க முன்னாடி ரெண்டு இடுக்கைப் பாத்துட்டு பின்னாடி ரெண்டைத் திருப்பிப் பாக்காம விட்டுரும். முதல்ல நாலு இடுக்கையும் வெயில் வெளிச்சத்துல பாருங்க. மலிவு கியூப்ல சிவப்பும் ஆரஞ்சும் டியூப்லைட்டுக்குக் கீழ ஒண்ணாத்தான் தெரியும்.

கவுந்தது இருந்தா அதை முன் வலது இடுக்குல, மஞ்சள் மேல இருக்கற மாதிரி பிடிச்சு: மேல் இடம், வலது மேலே, மேல் வலம், வலது கீழே, மேல் வலம், முன் இடச்சுற்று, மேல் இடம், முன் வலச்சுற்று. அது மேல் அடுக்குக்கு ஏறிரும். பிறகு அதோட பக்க நிறத்தை அதே நிற நடுத்துண்டோட சேத்து, வழக்கம்போல இறக்குங்க.

இந்த சிவப்பு-ஆரஞ்சு குழப்பத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. சிவப்பு-பச்சை இடத்துல ஆரஞ்சு-பச்சை போயிருந்தா பிளஸ் வந்துரும், ஆனா கடைசியில ரெண்டே ரெண்டு துண்டு மட்டும் இடம் மாறி நிக்கும். அப்பவும் கியூபைக் குறை சொல்லிட்டு இருப்போம்.

திருமங்கலத்தான்
பின் இடது இடுக்குலதான் நீலம்-ஆரஞ்சு கவுந்து கிடந்துச்சு! பிளஸ் வந்துருச்சு, மூலையும் இடத்துக்கு வந்துருச்சு. இப்ப மூலையை முறுக்கி மஞ்சளை மேல கொண்டுவர்ற கட்டத்துல கீழ் ரெண்டு அடுக்கும் கலைஞ்சு போகுது.

திருநகர்_48
கலையத்தான் செய்யும், பயப்படாம கடைசி வரை போகணும். முன் வலது மேல் மூலைக்கு: வலது கீழே, கீழ் இடம், வலது மேலே, கீழ் வலம். இந்த நாலும் ஒரு செட். மஞ்சள் மேல வர 2 செட், இல்லாட்டி 4 செட். மஞ்சள் வந்துருச்சேன்னு கடைசி "கீழ் வலம்" போடாம விடுறதுதான் பெரும்பாலும் நடக்கற தப்பு. அடுத்த மூலைக்கு மேல் அடுக்கை மட்டும் சுத்தி அதே இடத்துக்குக் கொண்டுவாங்க. கியூபை முழுசாத் திருப்பிட்டா போச்சு, வெள்ளை பிளஸ்ல இருந்து ஆரம்பிக்கணும்.

6 செட் போட்டா எல்லாம் பழைய இடத்துக்கு வந்துரும், கணக்கு அதுதான். ரெண்டு மூலை கெட்டிருந்தா 2+4. மூணு கெட்டிருந்தா 2+2+2, இல்ல 4+4+4. மொத்தம் 6 இல்ல 12 ஆகுற நேரம் கீழ் அடுக்கு தானா சேந்துரும்.

மாசிவீதி_கியூப்
இடுக்கு விஷயம் திருநகர் சொன்னதுதான் சரி, எனக்குத் தோணல. ஒரு மூலை மட்டும் தனியா மிஞ்சுச்சுன்னா, அது விழுந்தப்ப முறுக்கிக்கிட்ட துண்டு. கட்டைவிரலால அங்கேயே திருகிக்கலாம், கழட்ட வேண்டாம். மொத்தமாப் பிரிச்சு இஷ்டத்துக்கு மாட்டினா 12-ல ஒரு தடவைதான் தீரக்கூடிய கியூப் கிடைக்கும். விளிம்பு கவுறதுக்கு 2, மூலை முறுக்குக்கு 3, இடமாற்றத்துக்கு 2, பெருக்கிப் பாருங்க. அதனால பிரிச்சா நிறம் சேந்த நிலையிலேயே மாட்டுங்க.

இறுகுதுன்னு தேங்கா எண்ணெய் விட்டுறாதீங்க, புழுதி ஒட்டிப் பிசுபிசுன்னு ஆயிரும். சிலிகான் எண்ணெய் ரெண்டு சொட்டு போதும். ஸ்டிக்கர் உரியுதுன்னா வெயில்ல நிக்கற வண்டி டேஷ்போர்டுல கியூபை வைக்காதீங்க, நம்மூர் மே மாசத்துக்குப் பசை தாங்காது. உரிஞ்சதைப் பாப்பா இடம் மாத்தி ஒட்டிருச்சான்னும் பாத்துக்கங்க: வெள்ளையும் மஞ்சளும் ஒரே துண்டுல சேந்து இருந்தா ஒட்டினது தப்பு.