காவடிக்குப் போட்ட தகரப் பந்தலை எந்தக் கிளாஸில் பிரிப்பது?

ஃப்ளாக் பக்தன்:
மொரீஷியஸில் ஃப்ளாக் பகுதியில் எங்கள் கோவில் முன்வாசலில் 12க்கு 9 மீட்டர் தகரப் பந்தல். 3 மீட்டருக்கு ஒரு குழாய்க்கால், மொத்தம் 20. காலுக்கு 25 கிலோ மணல் மூட்டை மூன்று. தைப்பூசத்துக்கு இன்னும் ஐந்து நாள்தான் இருக்கிறது, இப்போது புயல் எச்சரிக்கையின் முதல் படியான கிளாஸ் 1 போட்டுவிட்டார்கள். கமிட்டியில் பாதிப்பேர் கிளாஸ் 3 வரட்டும் என்கிறார்கள். மூட்டையைக் கூட்டிப் போட்டால் தாங்குமா?

கூரைக் கணக்கு:
தாங்காது. காற்று மணிக்கு 120 கி.மீ. வேகத்தில் வீசினால் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 70 கிலோ அழுத்தம். நாலு பக்கமும் திறந்த பந்தலில் மேலே தூக்கும் விசையும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு வரும். நடுக்கால் ஒன்றின் பங்கு 9 சதுர மீட்டர், அதாவது 630 கிலோ. தகரத்தின் சொந்த எடை அதில் 40 கிலோ வந்தால் பெரிது. உங்கள் மூட்டை 75 கிலோ. காலுக்கு 25 மூட்டை அடுக்கினாலும், காலோடு சேர்த்துக் கட்டாமல் சும்மா பாதத்தில் வைத்தால் கால் மட்டும் உருவிக்கொண்டு போய்விடும். அதற்கு முன்பே கொக்கி ஆணியைச் சுற்றித் தகரம் கிழியும்.

வேகம் இரட்டித்தால் விசை நாலு மடங்கு. 1975இல் இங்கே அடித்த ஜெர்வேஸ் புயலில் வீச்சு 280 கி.மீ.

கிளாஸ் 1 என்பது அந்த 120 கி.மீ. வீச்சு வருவதற்கு 36 முதல் 48 மணி நேரம் முன்பு. கிளாஸ் 2இல் கூடியவரை 12 மணி நேரப் பகல் வெளிச்சம் கிடைக்கும், 3இல் ஆறு மணி நேரம். கிளாஸ் 3 போட்டால் பஸ் நின்றுவிடும், ஆட்களும் அவரவர் வீட்டு ஜன்னலை அடைக்க ஓடுவார்கள். பந்தலுக்கு யார் மிஞ்சுவார்கள்? இன்றைக்கே ஆரம்பியுங்கள்.

ஃப்ளாக் பக்தன்:
சரிங்க. எல்லாவற்றையும் பிரிக்க வேண்டுமா? மறுபடி கட்ட இரண்டு நாள் ஆகும்.

பந்தல் மேஸ்திரி:
குழாய்ச் சட்டத்தை அப்படியே விடலாம், தகரத்தைத்தான் கழற்ற வேண்டும். வெறும் குழாயில் காற்று பிடிக்க இடம் குறைவு. ஆனால் மூலைக்கு மூலை குறுக்குக் குழாய் போட்டு எல்லாக் கிளாம்ப்பையும் முடுக்குங்கள்.

முதலில் பக்கத் துணி, டியூப் லைட், ஒலிபெருக்கி. கரண்ட் இணைப்பைத் துண்டித்த பிறகே கூரைக்கு ஏறுங்கள். கடைசியாகப் போட்ட தகரம்தான் மேலே படிந்திருக்கும், அதிலிருந்து தொடங்கவும். ஒரு தகரத்துக்கு இரண்டு பேர். மறுமுனையைப் பிடிக்காமல் கடைசி ஆணியைத் தளர்த்தினால் தகரம் கத்தி மாதிரி சுழலும். வீச்சு 40 கி.மீ. தாண்டினால் மேலே ஆள் நிற்கக் கூடாது.

கழற்றியதைச் சுவரில் சாய்க்காதீர்கள். மண்டபத்துக்குள் தரையோடு தரையாக அடுக்குங்கள். மாடித் தண்ணீர்த் தொட்டியை முழுக்க நிரப்புங்கள். 1000 லிட்டர் என்றால் ஒரு டன், நிறைந்த தொட்டி அசையாது.

தென்கோளம்:
இரண்டு விஷயம் சேர்க்கிறேன். தமிழ்நாட்டுப் புயல் வீடியோவைப் பார்த்து திசை கணிக்காதீர்கள், இங்கே சுழற்சி கடிகாரத் திசையில். காற்றுக்கு முதுகு காட்டி நின்றால் மையம் வலப்பக்கம். தென்கிழக்கில் தொடங்கிய காற்று கிழக்கு, வடகிழக்கு என்று திரும்பினால் புயல் நமக்கு வடக்கே கடக்கிறது. திசை மாறாமல் வலுத்துக்கொண்டே போய்த் திடீரென்று அடங்கினால் அது புயலின் கண், அதாவது காற்றடங்கிய மையம். சட்டத்தைப் பார்க்க வெளியே போகாதீர்கள், எதிர்த்திசையிலிருந்து மறுபடி அடிக்கும்.

அடுத்தது மழை. கிளாஸ் எண் காற்றுக்கு மட்டும்தான். 2013 மார்ச் 30இல் புயலே இல்லாமல் தலைநகர் போர்ட் லூயிஸ் வெள்ளத்தில் 11 பேர் இறந்தார்கள். காவடி ஆற்றங்கரையிலிருந்துதானே கிளம்புகிறது? புயல் எச்சரிக்கையை எடுத்த பிறகும் மேட்டு நிலத்து நீர் இறங்கிக்கொண்டிருக்கும். முந்தின மாலையே கரையில் ஒரு குச்சி நட்டு நீர்மட்டத்துக்குக் கோடு போடுங்கள். விடிகாலையில் கோடு முழுகியிருந்தால், குடத்தில் நீர் கொண்டுவந்து கோவில் வாசலிலேயே பூசையை முடித்துக்கொள்ளலாம்.

ஃப்ளாக் பக்தன்:
தகரம் இன்று பிற்பகல் இறங்குகிறது. குறுக்குக் குழாய் எட்டு குறைகிறது, வாங்க ஆள் போயிருக்கிறது.