மறு: நாய்களின் கல்லீரல் நோய்க் கையேடு – ‘கசிநொதி’ சரியா?

குழுவினருக்கு வணக்கம். கையேட்டில் ‘கல்லீரல் செயல்பாட்டுச் சோதனை’ என்ற பொதுப்பெயரை விட்டுவிட்டு, ரத்தத்தில் அளக்கும் ஏஎல்டி (ALT) என்ற ஈரல் நொதியைக் ‘கசிநொதி’ என்று அழைக்கும் யோசனைக்கு வந்த மறுப்புகளுக்கு இது பதில்.

> ‘கல்லீரல் செயல்பாட்டுச் சோதனை’ ஊரறிந்த சொல். அதை ஏன் மாற்ற வேண்டும்?

ஊரறிந்ததுதான், ஆனால் தப்பாக அறிந்தது. வியாசர்பாடியிலிருந்து லாப்ரடாரைக் கூட்டி வந்தவரிடம் ‘ஏஎல்டி 300’ (இயல்பைவிட அதிகம்) என்றேன். “அப்படியென்றால் ஈரல் நன்றாக வேலை செய்கிறதா?” என்று கேட்டார். தலைப்பில் ‘செயல்பாடு’ என்று இருந்தால் வேறெப்படிக் கேட்பார்?

ஏஎல்டி ஈரலின் வேலையை அளப்பதில்லை. செல் பழுதானால் உள்ளிருந்து ரத்தத்தில் ஒழுகுகிற நொதி அது. எனவே ‘கசிநொதி’. ஊறுகாய் போல வினைத்தொகை, முக்காலத்துக்கும் பொருந்தும்.

அதே அறிக்கையில் வரும் இன்னொரு நொதியான ஏஎல்பி (ALP) வேறு கதை. பித்தம் தேங்கினாலும், ஸ்டீராய்டோ வலிப்புக்கான பினோபார்பிட்டாலோ கொடுத்தாலும் அதன் உற்பத்தியே கூடும். தோல் அரிப்புக்கு ஸ்டீராய்டு ஊசி போட்ட நாய்க்கு ஏஎல்பி எகிறினால் உடனே ஈரல் நோய் என்று முடிவுகட்டக் கூடாது. இதற்கு ஐயா முன்மொழிந்த ‘தூண்டுநொதி’ எதையோ தூண்டுகிற நொதி என்றாகிவிடும், இதுவோ தூண்டப்படுவது. ‘பெருகுநொதி’ எனலாமே.

இந்தப் பிரிவினை வெறும் சொல்லாசையால் அல்ல. நாட்பட்ட அழற்சி முற்றி, ஈரல் தழும்பேறிச் சுருங்கிய பிறகு கசிவதற்குச் செல்லே போதாது. ஏஎல்டி இயல்பு அளவுக்கு இறங்கிவிடலாம். நாய்க்கு வயிற்றில் நீர் கோத்திருக்கும், வீட்டுக்காரரோ அறிக்கையைப் பார்த்துக் குணமாகிவிட்டது என்பார். ‘செயல்பாடு’ என்ற பெயரை, ஈரல் உண்டாக்கும் புரதமான அல்புமினுக்கும், வெறும் வயிற்றிலும் உணவு கொடுத்து 2 மணி நேரம் கழித்தும் பார்க்கும் பித்த அமிலத்துக்கும் ஒதுக்குவோம்.

> ‘நாட்பட்ட’ என்பதைத் ‘தீராத’ என்று மாற்றலாம்.

வேண்டாம், அம்மா. லாப்ரடார், டாபர்மேன், பெட்லிங்டன் டெரியர் ஆகியவற்றின் ஈரலில் செம்பு சேர்ந்து அழற்சி வருவதுண்டு. ஊசியால் சிறு துணுக்கு எடுத்து, ரோடனின் சாயமேற்றிப் பார்த்தால் செம்பு செம்பழுப்புத் துகள்களாகத் தெரியும். அதற்குச் செம்பை வெளியேற்றும் மருந்தான பெனிசில்லமைன் கொடுத்துத் தேற்றுகிறார்கள். ‘தீராத’ என்று அச்சடித்தால் மருந்து வாங்காமலே வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

துணுக்கெடுத்துப் பார்ப்பதற்குத் ‘திசு ஆய்வு’ போதும். அதற்குப் புதுச்சொல் தேடி இன்னொரு வாரம் சண்டை போட வேண்டாம்.

ஒன்றே மிச்சம்: வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குப் போகிறவர்கள் கையில் இருப்பது ‘ஏஎல்டி’ என்று அச்சான தாள். எனவே ‘கசிநொதி’க்குப் பக்கத்தில் அந்த எழுத்துகளையும் விட்டுவைக்கலாம் என்பது என் கருத்து. மறுப்பிருந்தால் எழுதுங்கள்.